கரிசல் தடம் – 9: ஏர் அழித்த கோட்டை, உளி பாதியில் நின்ற கோயில்

மதுரையிலிருந்து தெற்கே போகும் ரயில் சாத்தூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நிலம் கறுத்துப்போகிறது. மேடு பள்ளம் இல்லாத வெளி; அங்கங்கே உடைமரம், ஒற்றைப் பனை, ஊருணிக் கரையில் ஒரு வேம்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் இந்த மண் ஊறி உப்பிக் காலை உள்ளே இழுக்கும். சித்திரை, வைகாசியில் காய்ந்து, கைக்கோல் இறங்கும் அளவுக்குப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் இதைவிட நல்ல மண் கிடையாது. கட்டடத்துக்கு இதைவிடப் பொல்லாத மண்ணும் கிடையாது. ஆண்டுதோறும் வீங்கிச் சுருங்கும் களியின் மேல் எழுப்பிய சுவர் சில கோடைகளிலேயே வாய் பிளந்துவிடும். அடியில் இருக்கும் சுக்கான்வரை தோண்டி அஸ்திவாரம் போட வசதி உள்ளவர்கள்தான் இங்கே நிலைத்த வீடு கட்ட முடிந்தது.

கோவில்பட்டிப் பக்கம் பழைய சின்னங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். தஞ்சைப் பெரிய கோயிலைப் போல, மதுரை நாயக்கர் மகாலைப் போல, ஊர் நடுவே நிமிர்ந்து நின்று வரலாறு சொல்லும் கட்டடம் இந்தச் சீமையில் இல்லை. “கோவில்பட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? கடலைமிட்டாய் வாங்கலாம், தீப்பெட்டி வாங்கலாம்” என்று உள்ளூர்க்காரர்களே சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. பாறை இருந்த இடத்தில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய உளிவேலை நிற்கிறது. மண்ணால் எழுப்பிய இடத்தில் ஒரு போரின் சுவடு வயலுக்கு அடியில் கிடக்கிறது. ஊரே ஒரு தண்டவாளத்தின் ஓரமாக முளைத்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பூமியின் கதை பிடிபடும்.

மேற்கே இருந்து தொடங்குவோம்.

கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கழுகுமலை. தட்டையான கரிசல் வெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை மலை. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். கருவறையே மலையைக் குடைந்தது, மயில்மேல் முருகன். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனைத்தான். காவடி எடுத்துக் கால்நடையாய் வருகிற கூட்டத்துக்கு இன்றைக்கும் இந்தக் கோயில்தான் கழுகுமலை. வந்தவர்களில் பலர் சாமி கும்பிட்டுவிட்டு, மலைமேல் இருப்பதைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

மேலே ஏறினால் வெட்டுவான் கோயில். கல்லை அடுக்கிக் கட்டாமல், இருந்த பாறையைச் சுற்றிலும் அகழ்ந்து எடுத்து, நடுவில் விட்ட கல்லையே விமானமாகச் செதுக்கிய ஒற்றைக்கல் கோயில். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்தில் இந்த வேலை நடந்ததாக அறிஞர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் வடக்கே எல்லோராவில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணனின் ஆட்சியில் கைலாசநாதர் கோயில் மலையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. அளவில் எல்லோரா மலையென்றால் இது மடு. ஆனால் எல்லோரா சொல்லாத ஒன்றைக் கழுகுமலை சொல்கிறது. வெட்டுவான் கோயில் பாதியில் நின்றுபோனது. உச்சியில் எண்பட்டைச் சிகரமும் அதன் கீழே தளங்களும் நகைவேலைபோல நுணுக்கமாக முடிந்திருக்கின்றன. கீழே இறங்க இறங்க உளி பட்ட கரடுமுரடான பாறை அப்படியே நிற்கிறது. வேலை மேலிருந்து கீழே நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. சாரம் கட்டாமல், பாறை மேல் நின்றே வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். சிகரத்தில் ஒரு கை பிசகினால் ஒட்ட வைக்க மாற்றுக் கல் கிடையாது. முடிந்துபோன கோயிலில் சிற்பியின் வேலைமுறை மறைந்துவிடும். இங்கே அது திறந்து கிடக்கிறது. சிற்பம் பயிலும் மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் இதற்கு இணையான பாடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். கல்லால மரத்தடியில் மௌனமாக அமர்ந்தவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. தலை சற்றே சாய்ந்து, தன் தாளத்தைத் தானே கேட்பதுபோல இருக்கிற அந்த முகத்தின் முன்னால் அவசரமில்லாமல் நிற்க வேண்டும். உமையோடு பேசிக்கொண்டிருக்கும் சிவன், நரசிம்மர், பிரம்மா, மூலைகளில் நந்திகள், வரிசையாகக் குறும்பு செய்யும் பூதகணங்கள். எல்லாமே இந்தப் பக்கத்து மனிதர்களின் உடல்வாகும் முகவெட்டும் கொண்டவை.

பாதியில் ஏன் நின்றது? தகப்பன் சிற்பியும் மகன் சிற்பியும் போட்டி போட்டார்கள், மகன் முந்திக்கொண்டதைப் பொறாத தகப்பன் அவனைக் கொன்றுவிட்டான் என்று ஊரில் கதை சொல்வார்கள். அழகான கதைதான், ஆனால் கோணார்க் முதல் எத்தனையோ கோயில்களுக்கு இதே சாயலில் சொல்லப்படுவதால் இதை வரலாறாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. மலையைச் செதுக்குவது ஒரு தகப்பனும் மகனும் தீர்மானிக்கிற காரியமல்ல. அரசன் பொருள் கொடுக்க வேண்டும், நாடு அமைதியாக இருக்க வேண்டும். அந்த அமைதி எவ்வளவு அருமையானது என்பதைக் கழுகுமலைக் கல்வெட்டு ஒன்றே காட்டுகிறது. பாண்டியன் மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டில், மலைநாட்டு ஆய் மன்னன் சடையன் கருநந்தனின் அரிவியூர்க் கோட்டையை அழிக்கப் போன படையெடுப்பையும் அதில் உயிர்விட்டவர்களையும் அது நினைவுகூர்கிறது. கரிசல் காட்டிலிருந்து போர்க்களத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் நினைவு அந்தக் கல்லில் இருக்கிறது.

இதே மலையின் இன்னொரு பக்கத்துப் பாறைச் சரிவில்தான் கழுகுமலையின் பெருஞ்செல்வம். வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர். கொடி படர்ந்த காலோடு நிற்கும் பாகுபலியும் அவருடைய இரு தங்கையரும். சிங்கமும் குழந்தைகளுமாக அம்பிகை. ஒவ்வொரு சிறு திருமேனியின் கீழும் வட்டெழுத்தில் ஒரு வரி, இரண்டு வரி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்தச் சிறு கல்வெட்டுகள் ஏறத்தாழ நூறு. இன்னார் செய்வித்த திருமேனி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்பவை. அரசன் பெருமை இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. தச்சரும் கொல்லரும் குயவரும் பெயர் பொறித்துக்கொண்டிருக்கிறார்கள். கோட்டாற்றிலிருந்து, குமரி மாவட்டத்துச் சிதறால் மலையாகிய திருச்சாரணத்திலிருந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேலே கால்நடையாக வந்தவர்கள் இங்கே ஒரு திருமேனியை விட்டுச் சென்றிருக்கிறார்கள். சித்தாந்தம் உரைக்கும் துறவிகளுக்குச் சோறிட அறக்கட்டளை வைத்த செய்தியும் உண்டு. வழிபாட்டிடம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்க மாட்டார்கள். இது ஒரு பள்ளி, படிக்கிற இடம்.

அந்தப் பள்ளியில் பெண்கள் ஆசிரியர்களாக இருந்தார்கள். குரத்தியார் என்று கல்வெட்டுகள் குறிக்கும் சமணப் பெண் குருமார்களின் பெயர்கள் ஒன்றிரண்டல்ல. அவர்களிடம் பயின்ற மாணாக்கியரும் உண்டு, மாணாக்கரும் உண்டு. இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைவில் ஓர் ஊர் உண்டு. மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரத்துக்குப் போகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது கரவிய்யீன் பள்ளிவாசல். 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி தம் சொத்தைக் கொடுத்து அதை எழுப்பினார் என்பது அந்நாட்டு மரபு. அதோடு வளர்ந்த கல்விக்கூடம் இன்றும் நடக்கிறது. உலகத்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று அதைச் சொல்வோரும் பலர். அந்த நகரத்தின் பழைய பகுதியை 1981இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதே 9ஆம் நூற்றாண்டில், கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கரட்டுப் பாறையில், பெண்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபெஸ் நகரத்துப் பெண்மணியை உலகம் அறியும். திருச்சாரணத்துக் குரத்தியரை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளே அறியார்கள். கழுகுமலைக்குச் சுற்றுலா வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

பள்ளி எப்போது, எப்படி அவிந்தது என்பது தனிக் கதை. பாறையருகே அய்யனார் குடியேறிவிட்டார். அவருக்குப் பொங்கலிட வரும் ஊர்மக்கள் தீர்த்தங்கரர்களை இடிக்கவில்லை, பெயர்க்கவில்லை. மதம் மாறியபின்னும் கல் தப்பியதற்கு அவர்களும் ஒரு காரணம்.

கழுகுமலையில் கல் இருந்தது, நின்றது. பாஞ்சாலங்குறிச்சியில் மண்தான் இருந்தது.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாகத் தென்கிழக்கே போனால் ஒட்டப்பிடாரம், அதையடுத்துப் பாஞ்சாலங்குறிச்சி. வீரபாண்டிய கட்டபொம்மனின் கோட்டை முழுக்க முழுக்க மண்ணால் ஆனது. ஆங்கிலேயர் குறிப்புகளின்படி ஏறத்தாழ 500 அடிக்கு 300 அடி. சுவர் 12 அடி உயரம். மூலைகளில் சிறு கொத்தளங்கள். பெரிய கோட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பெரிய தொழுவத்தின் அளவாகத் தோன்றலாம். ஆனால் கல்சுவர் பீரங்கிக் குண்டு பட்டால் சிதறும். கனத்த மண்சுவர் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். ஒட்டும் தன்மையுள்ள இறுகிய மண் என்று எதிரியே எழுதி வைத்திருக்கிறான். கோடைதோறும் வெடிக்கிற சுவரை ஆண்டுதோறும் பூசி மெழுக ஆட்கள் இருந்தவரைக்கும் அது கோட்டை.

1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்ததும், சந்திப்பு கைகலப்பில் முடிந்ததும் பள்ளிப் பாடத்தில் இருப்பவை. மறு ஆண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையோடு வந்தார். கோட்டை விழுந்தது, புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து அவர்கள் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். அவருடைய அமைச்சர் தானாபதிப் பிள்ளையின் உயிரை நாகலாபுரத்தில் எடுத்தார்கள். கோட்டையை இடித்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மண்ணின் ஆச்சரியம். 1801 பிப்ரவரி 2இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். ஒரு வாரத்துக்குள், இடித்துத் தள்ளிய கோட்டை மறுபடி எழுந்து நின்றது. கல்கோட்டையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. சுற்றுப்பட்டு ஊர்ச் சனங்கள் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு வந்து மண்ணை வெட்டி, மிதித்து, சுமந்து அடுக்கியிருக்க வேண்டும். விரட்டிக்கொண்டு வந்த மேஜர் மெக்காலே சுவரைப் பார்த்துத் திகைத்துப் பின்வாங்கினார். மார்ச் 31இல் நடந்த தாக்குதலும் தோற்றது. மேலும் பீரங்கிகளும் கர்னல் அக்னியூவும் வந்த பிறகு, மே 24இல்தான் கோட்டை விழுந்தது. அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில், வாய்பேச முடியாத ஊமைத்துரையை மக்கள் தெய்வமாகப் போற்றியதை வியந்து எழுதியிருக்கிறார். மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டு, பிடிபட்டு, அதே பாஞ்சாலங்குறிச்சியில் 1801 நவம்பர் 16இல் ஊமைத்துரையும் தூக்கிலேறினார்.

இந்த முறை இடித்ததோடு விடவில்லை. கோட்டை இருந்த இடத்தை ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது இந்த வட்டாரத்தில் இன்றும் கேட்கக் கிடைக்கும் செய்தி. ஒரு வாரத்தில் எழுந்த சுவரைக் கண்டு அவர்கள் எவ்வளவு பயந்திருந்தால் மண்மேடுகூட மிஞ்சக்கூடாது என்று நினைத்திருப்பார்கள்!

மறுபடியும் மொராக்கோ பக்கம் போய் வருவோம். இங்கேதான் அந்த ஒப்பீட்டுக்கு வேலை இருக்கிறது. மராகெஷ் நகரத்தைச் சுற்றி நிற்கும் செம்மண் மதில் 1120களில் அலி இப்னு யூசுஃப் என்ற அரசன் எழுப்பியது. அதுவும் மண்தான், இடித்து இறுக்கிய மண். தொள்ளாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்த்துப் பழுது பார்த்து நிற்கிறது. 2023 செப்டம்பரில் வந்த நிலநடுக்கத்தில் சில இடங்கள் சிதைந்தன; சீர் செய்கிறார்கள். 1912இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டைப் பிடித்தபோது, முதல் ஆளுநராக வந்த லியோத்தே பழைய நகரங்களைத் தொடாமல், அவற்றின் வெளியே புது நகரங்களைக் கட்டச் சொன்னார். அதிலும் ஆட்சியாளனின் கணக்கு இருந்தது. வெள்ளையரும் நாட்டுமக்களும் தனித்தனியே வாழட்டும் என்ற பிரிவினை இருந்தது. ஆனாலும் மதில் தப்பியது. இந்த வேற்றுமையைப் பார்க்கிறபோது ஒன்று புரிகிறது: மண்கோட்டை மண்ணால் அழிவதில்லை. அதைப் பூசி மெழுகும் கைகள் இருக்கிறவரை ஆயிரம் ஆண்டுகூட நிற்கும். அந்தக் கைகளை வெட்டிவிட்டால் ஒரு பருவத்தில் வயலாகிவிடும்.

சுவரைப் போலவே எழுத்தும் சாட்சிதான். மொராக்கோவின் தான்ஜியர் நகரத்தில் 1304இல் பிறந்த பயணி இப்னு பதூதா, 1340களில் நம் மதுரைக்கே வந்து, சுல்தான் கியாசுத்தீனின் விருந்தாளியாக இருந்து, ஊரைச் சூறையாடிய கொள்ளைநோயைக் கண்டு எழுதிவைத்துப் போயிருக்கிறார். கோவில்பட்டிக்கு நூறு கிலோமீட்டர் வடக்கில் நடந்தது அது. அவர் கண்ட மதுரைச் சுல்தானியம் சில பத்தாண்டுகளில் மறைந்தது. எழுத்து நின்றது. பாஞ்சாலங்குறிச்சிக்கு அப்படி உள்ளிருந்து எழுதிய ஒருவர் வாய்க்கவில்லை. சுவர் போனபின் கும்மியாகவும் கூத்தாகவும் கதைப்பாடலாகவும் வாய்வழியே வந்ததுதான் நம் பக்கத்துச் சாட்சியம். எழுத்தில் இருப்பதில் பெரும்பகுதி எதிரி எழுதியது.

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு செய்து அரண்மனையின் அடித்தளப் பகுதிகளை வெளிக்கொண்டு வந்தது. 1974இல் தமிழக அரசு நினைவுக் கோட்டையைக் கட்டியது. வருகிறவர்கள் புதுக் கோட்டையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்; அகழ்ந்த அடித்தளங்களையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும், அவைதான் அசல். கட்டபொம்மனின் குலதெய்வமான ஜக்கம்மாவின் கோயிலில் வழிபாடு நடக்கிறது. சற்றுத் தள்ளி, இந்தப் போர்களில் மாண்ட வெள்ளை அதிகாரிகளின் கல்லறைகள் எழுத்துப் பொறித்த கல்லோடு இருக்கின்றன. அதே போரில் செத்த கரிசல் சனங்களுக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. இதைப் பகையாகச் சொல்லவில்லை, கல்லறைகளையும் காக்கத்தான் வேண்டும். ஆனால் கவர்னகிரி சுந்தரலிங்கம் போல ஒன்றிரண்டு பெயர்களைத் தவிர மற்றவர்கள் கணக்கில் வராமலே போனார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட புளியமரத்தடியில், அந்த வழியே போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டு வணங்கிப் போக, அது பெரிய குவியலாக வளர்ந்தது என்று சொல்வார்கள். சிலை வைக்க அனுமதி கேட்க முடியாத காலத்தில் மக்கள் கண்ட வழி அது. நடிகர் சிவாஜி கணேசன் பின்னாளில் அங்கே நிலம் வாங்கிச் சிலை எழுப்பினார். இன்று சுற்றிலும் காற்றாலைகள்.

இனி கோவில்பட்டிக்கு வருவோம். ஊரின் பழைய அடையாளம் செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமி கோயில். கோயிலை ஒட்டி அகத்தியர் தீர்த்தம். ஏழடி உயரத்தில் நிற்கும் அம்மன்தான் இங்கே பெரியவள். ஊர்க்காரர்கள் சுவாமி பெயரைச் சொல்வதைவிடச் செண்பகவல்லி பெயரைச் சொல்வதே அதிகம். வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் இருக்கிறது. எட்டயபுரம் ஜமீனுக்குள் இருந்த இந்தக் கோயில் ஊரை ஒரு பட்டணமாக்கியது ரயில்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமல் போனது. கரிசல் பருத்திக்கு அதுவரை இல்லாத விலை வந்தது. ஆனால் பருத்தியைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சுவரை கரிசலில் புதையும். 1876இல் மதுரையிலிருந்து தென்னிந்திய ரயில்வே பாதை வந்தபோது அது எங்கே போனது என்று பாருங்கள். மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்கு நேராகப் போகவில்லை. கரிசலைக் கீறிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனது. திருநெல்வேலிக்கு மணியாச்சியிலிருந்து கிளைதான். ஆளைவிடப் பருத்திப் பொதிக்குத்தான் அந்தப் பாதை. அது திறந்த அதே சமயத்தில் தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. பொதி ஏற்ற ரயில் வந்துவிட்டது, மழை வரவில்லை.

ஸ்டேஷனைச் சுற்றி ஜின்னிங் பேக்டரிகள், பிரஸ்கள், கிட்டங்கிகள் எழுந்தன. பின்னால் லாயல் மில், லட்சுமி மில் வந்தன; மில் சங்குதான் ஊருக்கு மணி. 1901இல் அரசு இங்கே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையைத் தொடங்கியது. இந்தியாவின் மானாவாரி ஆராய்ச்சி நிலையங்களில் மிகப் பழையவற்றில் அது ஒன்று. கருங்கண்ணிப் பருத்தியில் அங்கே தேர்ந்தெடுத்த ரகங்கள் ‘கே’ என்ற எழுத்தோடு போயின. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர், ‘கே’ என்றால் கோவில்பட்டி என்று விவசாயிகள் இன்றும் அறிவார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக மழைக் கணக்கும் விதைக் கணக்கும் எழுதிவரும் அந்தப் பண்ணையை நான் இந்த ஊரின் முதன்மையான வரலாற்றுச் சின்னங்களில் ஒன்றாகவே வைப்பேன்.

சுதேசிக் கப்பல் விட்டுச் சிறை சென்று செக்கிழுத்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைத்தபின் 1920களில் தொழில் செய்தது இந்தக் கோவில்பட்டியில்தான். உரிமம் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். 1932இல் தூத்துக்குடிக்குப் போனார். 1936இல் அங்கே மறைந்தார். தூத்துக்குடியும் கோவையும் அவரைக் கொண்டாடுகிற அளவுக்கு அவர் கறுப்புக் கோட்டோடு நடந்த இந்தத் தெருக்கள் கொண்டாடவில்லை.

ரயிலை விட்டுக் கரிசல் இலக்கியத்தைப் பேச முடியாது. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டேஷனைத் தமிழில் நிலைநிறுத்தியது கு.அழகிரிசாமியின் ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ சிறுகதை. அவரும் கி.ராஜநாராயணனும் பக்கத்து இடைசெவல் கிராமத்தில் சேர்ந்து வளர்ந்தவர்கள்; இருவருக்கும் சாகித்ய அகாதெமி விருது. அவர்களுக்குப் பின் இதே கரிசலிலிருந்து பூமணிக்கும் சோ.தர்மனுக்கும் அந்த விருது வந்தது. பஞ்சை மட்டும் ஏற்றிக்கொண்டு போன ஊர் அல்ல இது. பெண்கள் விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டை அடுக்கிய கதையும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் பெட்டி ஒட்டிய வேதனையும் இவர்கள் எழுத்தால்தான் வெளியுலகம் அறிந்தது. தீப்பெட்டிக்குத் தனி அத்தியாயம் உண்டு. இங்கே சொல்லி முடிக்க முடியாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்த மிட்டாய்க்கு அது தகும்.

கவலை ஒன்றுதான். கழுகுமலைக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக்கு நினைவுக் கோட்டை உண்டு. ரயில் காலத்துக் கோவில்பட்டிக்கு எந்தக் காவலும் இல்லை. பயன்பாடு முடிந்த ஆலைக் கட்டடமும் பஞ்சுக் கிட்டங்கியும் வீட்டுமனையாக மாறுவதற்கு ஒரு கையெழுத்து போதும். இந்த ஊர்களைப் பட்டணமாக்கிய உழைப்பின் தடம் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. கழுகுமலை ஏறுகிறவர்கள் தீர்த்தங்கரர்கள் மேல் கை வைக்க வேண்டாம். வட்டெழுத்தின் மேல் பெயர் கீறும் பிள்ளைகளைக் கண்டால் தடுத்து, அது யாருடைய பெயர் என்று சொல்லிக்கொடுங்கள். அடுத்து, கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பழைய பருத்திக் கமிஷன் கடைகளின் கணக்குப் பேரேடு, எடைச்சீட்டு, ஜின்னிங் பேக்டரிப் படம் எதுவும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்துப் பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ பொது நூலகத்துக்கோ கொடுங்கள்.

அடுத்த வாரம் எட்டயபுரம். கட்டபொம்மனுக்கு எதிராகக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நின்று, பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கைப் பெற்ற அரண்மனையும் அதுதான். உமறுப் புலவர் அடங்கியதும், 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் உயிர்நீத்ததும், 1882இல் பாரதி பிறந்ததும் அந்த ஊரில்தான். பழியையும் புகழையும் தனித்தனியே பிரித்துவிடாமல் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.